முப்பது உதைகளின் சாட்சியம்

விளையாட்டைப் பற்றிய பேச்சு என்றால் வென்றவர்களைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் வேறு வகை ஆள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், பந்தைக் காலால் உதைப்பது ஒன்றையே வேலையாகக் கொண்டு, ஓர் அணி கழற்றிவிட்டால் இன்னோர் அணி என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊர் மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர். அவருடைய தொழில் வரலாற்றைப் பார்ப்பவர்கள் அணிகளின் பெயர்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடக் கூட மதிப்பு குறையும். ஓரிடத்தில் நிலைக்காதவருக்குத் திறமை போதாது என்ற நினைப்பு எல்லாத் தொழில்களிலும் உண்டு. இந்தத் தொழிலில் அது தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதற்கு மாறானது. ஒரு கிக்கர் எத்தனை அணி மாறினார் என்ற எண், அவருடைய காலைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது. அவரை வேலைக்கு வைத்தவர்கள் எவ்வளவு சொற்பமான சான்றை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறது. இதைக் காட்ட பில்லி கண்டிஃப், நிக் ஃபோக் என்ற இருவரை எடுத்துக்கொள்கிறேன். இருவரும் தலைமுறைக்கு ஒருவர் என்று கொண்டாடப்பட்டவர்கள் அல்லர். வந்த சுவடு தெரியாமல் போனவர்களும் அல்லர். அந்த நடுவிடம்தான் என் வாதத்துக்கு வேண்டும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஓர் அணியின் பட்டியலில் 53 பேர். அதில் மூன்று பேர்தான் ஸ்பெஷலிஸ்டுகள்: கோலுக்கு உதைக்கும் கிக்கர், பந்தைக் கையிலிருந்து விட்டுத் தூரத்துக்கு உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளும் பன்ட்டர், குனிந்து நின்று தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர். அணிகள் 32. ஆக, கிக்கருக்கான இருக்கையும் 32தான். ஃபீல்டு கோல் அடிக்கும்போது, ஸ்னாப்பர் ஏழு கெஜத்துக்குப் பின்னால் மண்டியிட்டிருக்கும் ஹோல்டருக்குப் பந்தை எறிவார். பெரும்பாலும் அந்த அணியின் பன்ட்டர்தான் ஹோல்டர். அவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தி, தையல் கம்பங்களைப் பார்த்திருக்கும்படி திருப்புவார். கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எறிந்ததிலிருந்து கால் படுவது வரை ஏறக்குறைய 1.3 வினாடி. 18 அடி 6 அங்குல இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே, 10 அடி உயரத்திலுள்ள குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் மூன்று புள்ளிகள். மூன்று பேர் கை, கால் சேர்ந்து செய்யும் காரியம் இது; ஏட்டில் ஏறுவது ஒருவர் பெயர் மட்டுமே. கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்: பதினொருவரில் ஒருவருக்கே அந்த இடம், பிடித்த கேட்ச்சுகள் மறந்துபோகும், விட்டது நினைவில் நிற்கும். ஆனால் கீப்பர் மட்டை பிடித்து ஈடுகட்டிவிடலாம். கிக்கருக்கு அந்த வழியும் அடைப்பு.

மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு மாற்றாள் என்று ஒரு படி உண்டு. அங்கே உட்கார்ந்து, பார்த்து, பயின்று மேலே வரலாம். கிக்கருக்கு மாற்றாள் வைத்துக்கொள்ள அணிகள் பொதுவாக 53இல் ஓர் இடத்தை வீணாக்குவதில்லை. வேலை இருந்தால் முழு வேலை, இல்லாவிட்டால் வீடு. வீட்டிலிருக்கும் கிக்கர் தனியாக ஏதாவது பள்ளி மைதானத்தில் உதைத்துப் பழகிக்கொண்டு தொலைபேசிக்குக் காத்திருக்க வேண்டும். பருவம் நடக்கும்போது செவ்வாய்க்கிழமைகள் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். அன்றுதான் அணிகள் வெளியாட்களை வரவழைத்துச் சோதிக்கும். மூன்று நான்கு பேர் வரிசையாக நின்று உதைப்பார்கள். ஒருவர் தேர்வானால், ஞாயிற்றுக்கிழமை லட்சக்கணக்கானோர் பார்க்க, அந்த வாரம்தான் முகம் பார்த்த ஸ்னாப்பரையும் ஹோல்டரையும் நம்பி உதைக்க வேண்டும். அந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் அவர் தவறினால் தவறு யாருடையது என்று பிரித்துச் சொல்ல ஏட்டில் வழியே இல்லை.

கண்டிஃபின் வரலாறு இந்த ஏற்பாட்டுக்குள் நடந்தது. ஐயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2002இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் சேர்த்துக்கொண்டது. 2003 செப்டம்பர் 15, திங்கள் இரவு ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஏழு ஃபீல்டு கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் 35-32 என்று டல்லாஸ் வென்றது. ஓர் ஆட்டத்தில் ஏழு என்பது அந்த நாளில் லீகின் சாதனைக்குச் சமம். 2005 முடியும் முன்பே டல்லாஸ் அவரை விட்டுவிட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் டாம்பா பே, கிரீன் பே, நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா, கான்சஸ் சிட்டி, டெட்ராய்ட் என்று ஒப்பந்தங்கள் வந்தன, போயின. சில இடங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாமோடு சரி. 2009இல் கிளீவ்லாந்தில் காயப்பட்டிருந்த ஃபில் டாசனுக்குப் பதிலாகச் சில வாரங்கள் உதைத்தார். டாசன் தேறியதும் அந்த வேலையும் முடிந்தது. அந்த நவம்பரில் பால்டிமோர் ரேவன்ஸ் தன் கிக்கர் ஸ்டீவன் ஹவுஷ்காவை நீக்கிவிட்டுக் கண்டிஃபை அழைத்தது. இந்த ஹவுஷ்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

2010ஆம் ஆண்டு கண்டிஃப் 29 முயற்சிகளில் 26 அடித்தார். அதைவிட, ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃப்பில் அவர் கால் பேசியது. கிக்-ஆஃப் பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்கள் திருப்பி ஓடாமல் விட்டால் அது டச்பேக். அன்றைய விதிப்படி எதிரணி தன் 20 கெஜக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது உதைப்பவர் தன் 30 கெஜக் கோட்டிலிருந்து உதைக்க வேண்டியிருந்ததால் அது எளிதல்ல. கண்டிஃப் அந்தப் பருவத்தில் 40 டச்பேக் செய்து, மிட்ச் பெர்கர் 1998இல் வைத்திருந்த சாதனையைத் தொட்டார். நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார், பருவத்தின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-புரோ முதல் அணியிலும் இடம், பிறகு ஐந்தாண்டு ஒப்பந்தம். 2011 மார்ச்சில் லீக், ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, கிக்-ஆஃப்பை 35 கெஜக் கோட்டுக்கு நகர்த்தியது. லீக் முழுவதும் டச்பேக்குகளின் பங்கு நூற்றுக்கு 16 அளவிலிருந்து 40க்கு மேல் தாவியது. ஐந்து கெஜம் குறைந்ததால், நேற்றுவரை அரிதாக இருந்த அவருடைய கைச்சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அவர் கால் ஒரு நூல்கூடத் தளரவில்லை. ஒரு கிக்கரின் மதிப்பு அவருக்கு வெளியே தீர்மானிக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

2011இல் 37 முயற்சிகளில் 28. பிறகு 2012 ஜனவரி 22, ஃபாக்ஸ்பரோவில், லீகின் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 23, பால்டிமோர் 20. சில வினாடிகளே மிச்சம். அதற்குச் சற்று முன் வெற்றிக்கான பந்து பால்டிமோரின் லீ எவன்ஸின் கைக்குள் வந்து, எதிரணியின் ஸ்டெர்லிங் மூர் தட்டியதில் நழுவியிருந்தது. ஆட்டத்தைச் சமன் செய்யக் கண்டிஃப் 32 கெஜத்திலிருந்து உதைக்க வேண்டும். களத்துக்குள் அவசர அவசரமாக ஓடிவந்தார். மைதானத்தின் பலகை எத்தனையாவது டவுன், அதாவது எத்தனையாவது முயற்சி, என்பதை ஒன்று பின்தங்கிக் காட்டியதாக அணியின் உதைப் பயிற்சி ஆலோசகர் பிறகு கூறினார். நேரத்தை நிறுத்தும் உரிமை பால்டிமோரிடம் ஒன்று மிச்சம் இருந்தது, பயன்படுத்தவில்லை. பந்து இடப்பக்கம் வெளியே போனது. கண்டிஃப் சாக்குச் சொல்லவில்லை. தான் அடித்திருக்க வேண்டிய உதை என்றே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த ஆகஸ்டில் பால்டிமோர் அவரை நீக்கி, டிராஃப்ட்டில் யாரும் எடுக்காத ஜஸ்டின் டக்கரை வைத்துக்கொண்டது. கண்டிஃப் வாஷிங்டனுக்குப் போனார். டாம்பாவில் ஒரே ஆட்டத்தில் மூன்று தவறவிட்டு, கடைசி வினாடிகளில் 41 கெஜ உதையால் அணியை ஜெயிக்கவும் வைத்தார். 12க்கு 7 என்ற கணக்கில் அக்டோபரில் அங்கிருந்தும் வெளியே. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அவரைச் சேர்த்தது, உதைக்க அல்ல, தடுமாறிக்கொண்டிருந்த டேவிட் ஏக்கர்ஸுக்குப் பின்னால் ஓர் எச்சரிக்கையாக. மறுபடி கிளீவ்லாந்தில் இரண்டு பருவங்கள். பத்துக்கும் மேற்பட்ட சீருடைகள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிக்கர் பருவத்துக்குச் சுமார் முப்பது ஃபீல்டு கோல் முயற்சிகள் செய்கிறார். உண்மையான திறன் நூற்றுக்கு 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய லீகின் சராசரி ஏறக்குறைய அதுதான். திறன் மாறாமல் அப்படியே இருக்க, தற்செயல் மட்டுமே வேலை செய்தால், அவர் முப்பதில் ஏழோ அதற்கு மேலோ தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. இரண்டு அல்லது அதற்குக் குறைவாகத் தவறவிடும் வாய்ப்பும் நூற்றுக்குப் பதினைந்துதான். அதாவது ஒரே ஆள், ஒரே கால், ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறை 28 அடித்து நட்சத்திரமாகத் தெரிவார். ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறை 23 அடித்து வேலை இழக்கத் தகுந்தவராகத் தெரிவார். லீகின் 32 கிக்கர்களும் அச்சில் வார்த்தது போல ஒரே திறன் கொண்டவர்கள் என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து பேர் மேதைகளாகவும் நாலைந்து பேர் உதவாக்கரைகளாகவும் காட்சி தருவார்கள். பால்டிமோரில் கண்டிஃபின் இரண்டு முழுப் பருவங்களையும் கூட்டிப் பாருங்கள்: 66க்கு 54, நூற்றுக்கு ஏறக்குறைய 82. அந்த இரண்டு ஆண்டுகளின் லீக் சராசரியும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருந்தது. 2010இன் மாவீரரும் 2011இன் குற்றவாளியும் சேர்ந்தால் ஒரு சராசரிக் கிக்கர் கிடைக்கிறார். அவர் தொடக்கம் முதலே அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம் என்பதற்கு எதிராக முப்பது உதைகளால் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுப்பு உடனே எழும். எல்லா உதையும் ஒன்றல்ல. பருவத்தின் கடைசி வினாடியில் 32 கெஜம் என்பது அக்டோபர் மாதத்து முதல் கால்பகுதியில் 32 கெஜம் அல்ல. அந்த ஒன்றுக்காகத்தான் சம்பளமே. கண்டிஃப் அங்கே உடைந்தார், அது எண்ணிக்கைக்குள் அடங்காத செய்தி என்பார்கள். இதில் உண்மை உண்டு. பதற்றம் பொய்யல்ல. மினசோட்டாவின் பிளேர் வால்ஷ் 2016 ஜனவரி 10இல், உறையவைக்கும் குளிரில், சியாட்டிலுக்கு எதிராக 27 கெஜ உதையைத் தவறவிட்டார். 10-9 என்று ஆட்டம் போனது. அடுத்த பருவத்தில் தடுமாறி, நவம்பரில் வேலை இழந்தார். அந்த ஒரு உதை அவருக்குள் எதையோ அசைத்துவிட்டது என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் கோடி பார்க்கியின் வழக்கை எடுங்கள். 2019 ஜனவரி 6இல் சிகாகோ பேர்ஸுக்காக அவர் உதைத்த பந்து பக்கக் கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியில் பட்டு, வெளியே விழுந்தது. நாடே அவரைப் பழித்தது. மறுநாள் லீக் அந்த உதையை எதிரணி தடுத்த உதை என்று திருத்திப் பதிவு செய்தது. பிலடெல்பியாவின் டிரேவான் ஹெஸ்டர் விரல் நுனியால் பந்தைத் தொட்டிருந்தார். ஏடு திருந்தியது, வேலை திருந்தவில்லை. சில வாரங்களில் பார்க்கி வெளியே. தடுமாறும் மனத்தையும் தொட்ட விரலையும் பிரித்துப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளாத ஒரு துறை, தான் மன உறுதியை அளக்கிறேன் என்று சொன்னால் நாம் ஏன் நம்ப வேண்டும்? இன்னொன்று, சிகாகோ 2016இல் தன் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி சேர்த்த ராபி கோல்டை நீக்கியிருந்தது. அவர் 2016 முதல் 2018 வரை மற்ற இரண்டு அணிகளுக்காக 85க்கு 82 அடித்தார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. டக்கரைப் பாருங்கள், பால்டிமோர் செய்தது சரிதானே என்பார்கள். கண்டிஃபின் இடத்துக்கு வந்த அந்த இளைஞர் முதல் பருவத்திலேயே 33க்கு 30 அடித்தார், அந்த அணி அதே பருவத்தில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது, அதன்பின் பல ஆண்டுகள் அவர்தான் லீகின் மிகத் துல்லியமான கால். உண்மைதான். ஆனால் முடிவு நன்றாக அமைந்ததால் முடிவெடுத்த முறை நன்றாகிவிடாது. அதே டக்கரை ஏழு சுற்று டிராஃப்ட்டில் பால்டிமோர் உட்பட 32 அணிகளும் கடந்துபோயின. பால்டிமோரின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா அதற்கு முன்பு பிலடெல்பியாவில், உதை ஆட்டங்களைக் கவனிக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளராக இருந்தவர். உதையைப் பற்றி இவரைவிட அறிந்த தலைமைப் பயிற்சியாளர்கள் குறைவு. அவரே முன்னர் ஹவுஷ்காவை 13க்கு 9 என்ற கணக்கில் அனுப்பியிருந்தார். அந்த ஹவுஷ்கா பிறகு சியாட்டிலில் 2013ஆம் பருவத்தில் 35க்கு 33 அடித்து, சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். சியாட்டில் என்ன செய்தது? 2017இல் அவரைப் போகவிட்டு, மினசோட்டா நீக்கிய அதே வால்ஷை எடுத்தது. வால்ஷ் 29க்கு 21. ஹவுஷ்கா அந்த ஆண்டு பஃபலோவில் 33க்கு 29. மினசோட்டாவில் வால்ஷின் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? 2012இல் வாஷிங்டனில் கண்டிஃபின் இடத்துக்கு வந்த கை ஃபோர்பத்.

இந்தச் சுற்றில்தான் என் வாதத்தின் நடுப்புள்ளி இருக்கிறது. ஓர் அணி தகுதி இல்லை என்று அனுப்பியவரை இன்னோர் அணி எடுத்துக்கொள்கிறது. அந்த அணி அனுப்பியவரை முதல் அணியின் அண்டை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்கிறார். நீக்கம் உண்மையிலேயே திறமை மீதான தீர்ப்பாக இருந்தால், அதே தொழிலின் அடுத்த நிபுணர் அதை மதிக்க வேண்டும் அல்லவா? யாரும் மதிப்பதில்லை. வேலை கொடுப்பவர்களே தம் இனத்தார் அளித்த தீர்ப்பை நம்பவில்லை. பார்வையாளர்களாகிய நாம் மட்டும் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அது ஏதோ மதிப்பெண் என்று வைத்துக்கொள்கிறோம்.

நிக் ஃபோக் இதற்குக் கண்டிஃபைவிடப் பெரிய சாட்சி. 2007இல் டல்லாஸ் அவரை ஆறாவது சுற்றில் எடுத்தது. முதல் ஆண்டே புரோ பவுல். 2008இல் 22க்கு 20. பிறகு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. 2009இல் 28க்கு 18, டிசம்பரில் நீக்கம். நியூயார்க் ஜெட்ஸில் ஏழு பருவங்கள் உதைத்தார், 2013இல் 36க்கு 33. 2017இல் டாம்பா பே. அந்த அணி முந்திய ஆண்டு ராபர்ட்டோ அகுவாயோ என்ற கிக்கருக்காக இரண்டாம் சுற்றுத் தேர்வையே செலவிட்டு, 31க்கு 22 என்ற ஒரே பருவத்தைப் பார்த்து அவரை அனுப்பியிருந்தது. அந்த நாற்காலியில் ஃபோக் உட்கார்ந்தார். நியூ இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இரவில் மூன்று தவற, 11க்கு 6 என்று அவருக்கும் கதவு திறந்தது. 2018இல் எங்கும் ஆட்டமில்லை. 2019 வசந்தத்தில் புதிதாகத் தொடங்கிய ஏஏஎஃப் லீகில் அரிசோனா ஹாட்ஷாட்ஸுக்கு ஆடப் போனார். பருவம் முடியும் முன்பே அந்த லீகே கலைந்தது. 34 வயது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால், மங்கிப்போன கால் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்போம். அந்த இலையுதிர்காலத்தில் நியூ இங்கிலாந்தின் ஸ்டீபன் காஸ்ட்கவ்ஸ்கிக்கு இடுப்பில் காயம். மாற்றாக வந்த மைக் நியூஜென்டும் நிலைக்கவில்லை. ஃபோக்குக்கு அழைப்பு வந்தது. 2020இல் 28க்கு 26. 2021இல் 39க்கு 36. 2023இல் டென்னசி டைட்டன்ஸுக்குப் போய் 30க்கு 29. 2024இல், நாற்பதைத் தொட்ட பருவத்தில், 22க்கு 21. அந்த இரண்டு ஆண்டுகளும் லீகின் மிகத் துல்லியமான கிக்கர் அவரே.

அவர் டென்னசிக்குப் போன விதத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் நியூ இங்கிலாந்து நான்காவது சுற்றில் சாட் ரைலண்டை எடுத்தது. ஃபோக்கை ஏழாவது சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு ஈடாகக் கைமாற்றியது. அந்தப் பருவத்தில் ஃபோக் லீகின் உச்சியில். ரைலண்ட் 25க்கு 16, லீகின் அடியில். ஓராண்டு கழித்து அவரையும் அனுப்பினார்கள். 2024இல் அரிசோனாவுக்காக அவர் 32க்கு 28 அடித்தார். இங்கே என் கணக்கே என்னையும் கட்டுப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது உதை சான்றாகாது என்று அணிகளைக் குறை சொல்லிவிட்டு, முப்பது உதையைக் காட்டியே ஃபோக்கை மேதை என்று நான் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. ரைலண்ட் 2023இல் கெட்டவர், 2024இல் நல்லவர் என்றும் சொல்லவில்லை. இந்த எண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. இவற்றை வைத்து எடுத்த ஆள் மாற்றங்கள் நாணயம் சுண்டியதற்கு மேல் எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை என்பதே என் பேச்சு.

கூர்மையான ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: நீங்கள் திரும்பி வந்து வென்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறீர்கள், நீக்கப்பட்டு ஒரேயடியாக மறைந்தவர்கள் எத்தனை பேர்? நியாயமான கேள்வி. அகுவாயோவே அப்படி மறைந்தவர்தான். ஆனால் மறைந்தவர்களின் கால் பலவீனமானது என்பதற்கு அவர்கள் மறைந்ததைத் தவிர வேறென்ன சான்று இருக்கிறது? உதைக்க இடம் கிடைக்காதவர் தவறவும் முடியாது, அடிக்கவும் முடியாது. 2018இல் ஃபோக்கும் அந்தப் பட்டியலில்தான் இருந்தார். காஸ்ட்கவ்ஸ்கியின் இடுப்பு நன்றாக இருந்திருந்தால் ஃபோக் இன்றும் மறுப்பாளரின் உதாரணமாகவே இருந்திருப்பார். நான் கேட்பது சிறிய சலுகை: நீக்கம் ஓர் அளவுகோல் அல்ல என்பது மட்டும். நீக்கப்பட்ட எல்லோரும் மாணிக்கங்கள் என்று வாதிட எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் அணிகள் முட்டாள்களா? இல்லை. அவர்கள் செய்வதில் ஒரு தர்க்கம் உண்டு. அது திறமையை அறியும் தர்க்கமன்று, செலவின் தர்க்கம். இந்த லீகில் பெரும்பாலான ஒப்பந்தங்களின் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது; கிக்கரை மாற்றுவது மலிவு. நான்கு பருவங்களோ அதற்கு மேலோ அனுபவமுள்ள ஒருவர் பருவத்தின் முதல் வாரத்தில் பட்டியலில் இருந்தால் அந்த ஆண்டுச் சம்பளம் அவருக்குச் சேர வேண்டும். அதனால் அனுபவசாலிகளை முதல் வாரத்துக்குச் சற்று முன் நீக்கி, பிறகு அழைத்துக்கொள்வதும் நடக்கிறது. 2020 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின், பயிற்சிக் குழுவில் வைத்திருக்கும் ஆளை ஞாயிறன்று மட்டும் மேலே ஏற்றி ஆடவைத்துத் திரும்ப இறக்கலாம். ஒரு பருவத்துக்கு மூன்று முறை அனுமதி. வாரக்கூலி போலத்தான். இவ்வளவு மலிவாக ஆள் மாற்ற முடிகிற இடத்தில், பொறுத்திருந்து நூறு உதை பார்த்து முடிவெடுக்க யாருக்கும் தேவை இருப்பதில்லை. தோற்ற ஞாயிறுக்குப் பிறகு பயிற்சியாளர் ஏதாவது செய்தாக வேண்டும்; ஐந்து தடுப்பாட்டக்காரர்களை மாற்ற முடியாது, கிக்கரை மாற்றலாம். பால்டிமோரின் அந்த ஜனவரித் தோல்வியில் எவன்ஸின் கை இருந்தது, பயன்படாத நிறுத்த நேரம் இருந்தது. பெயர் நிலைத்தது ஒருவருக்குத்தான்.

பணம் கிடைக்கிறதே, இதில் என்ன அனுதாபம் என்பார்கள். 2024இல் புதியவருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,95,000 டாலர். சரி, அனுதாபம் வேண்டாம். நான் மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறேன். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தவறான மதிப்பீடு தவறுதான்.

இதெல்லாம் இன்றைய அவசர காலத்தின் நோய் என்று எண்ணிவிடவும் வேண்டாம். நார்வேயில் பிறந்த யான் ஸ்டெனெரூட், கிக்கர் வேலை மட்டுமே பார்த்து ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த முதல் ஆள், ஆண்டு 1991. அவருடைய வாழ்நாள் கணக்கு 558க்கு 373, நூற்றுக்கு 67க்கும் கீழே. இன்று அந்த விகிதத்தில் எவரும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஸ்னாப், ஹோல்ட், புல்தரை, பயிற்சி எல்லாம் மாறியதில் சராசரி ஏறிவிட்டது. ஏறிய சராசரி, தவறுவதை அரிதாக்கி, அரிதானதால் பெரிய குற்றமாகவும் ஆக்கிவிட்டது. அந்த ஸ்டெனெரூடையே கான்சஸ் சிட்டி 1980 பருவத்துக்கு முன் கழற்றிவிட்டது. கிரீன் பே எடுத்துக்கொண்டது. 1981இல் அவர் 24க்கு 22 அடித்தார். அவருடைய நீண்ட வாழ்க்கையின் மிகத் துல்லியமான பருவம் அது.

கடைசியாக, என் எண்களின் மீதே வைக்கக்கூடிய ஒரு மறுப்பு. துல்லிய விகிதம் என்பதும் முழுக்கக் கிக்கரின் சொத்தல்ல. எந்தத் தூரத்திலிருந்து உதைக்க அனுப்புவது என்பதைப் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். காற்றைப் பார்த்து, 56 கெஜம் வேண்டாம், பன்ட் செய்யலாம் என்று அவர் சொன்னால், கிக்கரின் ஏட்டில் ஒரு தவறு குறைகிறது. நாற்பது வயதுக் கிக்கரை நெடுந்தூரத்துக்கு அடிக்கடி அனுப்ப மாட்டார்கள். இருபத்து மூன்று வயதுக்காரரை அனுப்புவார்கள், அவர் தவறுவார், அது அவர் கணக்கில் ஏறும். ஃபோக்கின் 95க்கு மேற்பட்ட விகிதத்தில் இந்தக் காப்புக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ரைலண்டின் 64இல் காப்பின்மைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆகவே எண்ணிக்கை சிறியது என்பதோடு, எண்ணப்பட்டவை சமமானவையும் அல்ல. இவ்வளவு கலங்கிய ஏட்டை வைத்துக்கொண்டு ஆட்களை அழைப்பதும் அனுப்புவதும் இன்றும் அப்படியே நடக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லீகின் முதலிடத்தில் இருந்த ஃபோக்கை 2025இல் டென்னசி வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சி முகாம்கள் தொடங்கிய பிறகு, ஆகஸ்டில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. எடுத்துக்கொண்டது, எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரை அனுப்பிவைத்த அதே நியூயார்க் ஜெட்ஸ்.